தவம் அண்ணையின் குரலைப் பாதியில் நிறுத்திய கதை

முதலில் உங்கள் சட்ட மாணவர் கூட்டத்துக்கு என்னை வந்து பேசத்தான் சொன்னீர்கள். நான் பேசத் தொடங்கினால் மண்டபத்துக்குப் பூட்டுப் போடுகிறவர் வந்து கதவருகே நிற்க வேண்டிவரும் என்று யாரோ உங்கள் காதில் போட்டிருக்கிறார்கள். மறுநாளே, "அங்கிள், எழுதித் தந்தாலும் போதும்" என்று திருத்தம் வந்தது. எதிர்த்தரப்பின் நடத்தையை முன்கூட்டியே கணித்து நடவடிக்கை எடுத்திருக்கிறீர்கள். நல்ல சட்டத்தரணிகளாக வருவீர்கள்.

நான் ஓய்வுபெற்றுவிட்டேன் என்று சொல்வது சரியில்லை. என் முதுகு ஓய்வுபெற்றது. மிச்ச உடம்பு அதன் பின்னால் போனது. இப்போது காலையில் எழுந்து மற்றவர்களின் தீர்ப்புகளை வாசித்து, நானென்றால் இதைவிட நன்றாகத் தோற்றிருப்பேன் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சட்டப் பிரிவு, காலக்கெடு, கட்டணம் எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆகவே அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது ஒரு கட்டைவிரலைப் பற்றி. என்னுடையதுதான்.

சுகிர்தா என்று ஒரு பெண் என்னிடம் வந்தார். குசினி விற்பவர். அலுமாரி, இழுப்பறை, அடுப்பு மேடை, மேலே புகையை இழுக்கும் கூடு என்று முழுக் குசினியையும் அளந்து, வரைந்து, விற்பது அவருடைய வேலை. அவரிடம் ஒரு தொழில் நுட்பம் இருந்தது. வீட்டுக்குப் போனதும் விலைப் புத்தகத்தைத் திறக்கமாட்டார். வீட்டுக்காரியிடம், "அக்கா, ஒருக்கா செத்தல் மிளகாய் போட்டுத் தாளிச்சுக் காட்டுங்கோ" என்பார். வீடு முழுக்க இருமும். அந்த இருமலின் நடுவே புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, எங்கே எவ்வளவு பெரிய கூடு வேண்டும் என்று சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் வேறு யாரும் வந்து குசினி விற்க முடியாது. இந்த நோர்வேயில் நம் ஆட்கள் நிறைந்த ரொம்சோஸ் அடுக்குமாடிகளில் பாதிப்பேர் இன்று இருமாமல் சமைப்பது இவரால்தான்.

அவருடைய முதலாளி தவம் அண்ணை. ஸ்ட்ரோம்மன் பக்கம் கடை. நம் ஆட்களில் பலருக்கு இந்த நாட்டில் முதல் வேலை கொடுத்தவர், கோயில் மண்டப வேலை என்றால் முன்னுக்கு நிற்பவர், கோபம் வந்தால் அதைவிட முன்னுக்கு நிற்பவர். சுகிர்தாவுக்கு அடிப்படைச் சம்பளம் கொஞ்சம். மீதி, விற்கும் ஒவ்வொரு குசினிக்கும் கொமிஷன். அவர் வேலையை விட்டபோது கடைசியாக விற்ற குசினிகளுக்கான கொமிஷன் வரவில்லை. கேட்டபோது தவம் அண்ணை, "அதெல்லாம் நீ வித்ததில்லை. சனம் என்ரை முகத்துக்காக வாங்கினது" என்றார்.

அதோடு விட்டிருந்தால் அது வெறும் காசு வழக்கு. அவர் விடவில்லை. கடைக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருந்தது. பெயர் 'குசினிக் குடும்பம்'. பெயர்தான் கடையினுடையது. பொருத்துகிற பொடியன்கள், விற்கிறவர்கள், வாங்கியவர்கள், வாங்கலாமா என்று யோசிப்பவர்கள், ஒன்றும் வாங்காத என் மனைவி, எல்லோரும் அதில் இருந்தார்கள். அந்தக் குழுவில் தவம் அண்ணை குரல் செய்தி ஒன்று போட்டார்: மற்றவர்கள் விற்றதைத் தன்னுடையது என்று சொல்லி சுகிர்தா காசு பறிக்கப் பார்க்கிறாராம், ஆட்கள் கவனமாக இருக்கட்டுமாம். போட்ட கையோடு சுகிர்தாவைக் குழுவிலிருந்து எடுத்தும் விட்டார்.

என் மேசைக்கு முன்னால் இருந்து சுகிர்தா சொன்னது இதுதான்:

"அண்ணை, காசு வராட்டிலும் நான் சாகமாட்டன். போன சனிக்கிழமை ஸ்ட்ரோம்மன் சென்டருக்குப் போனனான். எனக்கு முன்னாலை எஸ்கலேட்டரிலை வந்த ஒரு அக்கா என்னைக் கண்டிட்டுத் திரும்பி மேலை ஏறப் பாக்கிறா. இறங்கிற எஸ்கலேட்டர் அண்ணை! நிண்ட இடத்திலையே நடந்துகொண்டு நிக்கிறா. அவவுக்கு நான் தான் குசினி வித்தனான்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு அவர் அழுதார். நான் கோப்பி போட்டேன். என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த சட்ட உதவிகளில் கணிசமான பகுதி கோப்பி.

சிக்கல் எங்கே என்றால், சாட்சி இல்லை. வாங்கியவர்கள் எல்லோரும் வீட்டுக்குள்ளே, "சுகிர்தா தான் வித்தவ, வேற ஆர்?" என்றார்கள். நீதிமன்றத்தில் வந்து சொல்வீர்களா என்றால், "ஐயோ, தவம் அண்ணையைக் கோயில்லை பாக்க வேணுமெல்லோ" என்றார்கள். ஆகவே வழக்கைப் பதிந்ததும், விசாரணைக்கு முன்னாலேயே எதிர்த்தரப்பிடம் இருக்கும் ஆதாரத்தைக் கேட்டுப் பெறும் கட்டத்தில் என் முழு நம்பிக்கையையும் வைத்தேன். தவம் அண்ணை எழுதுகிறவர் இல்லை. கடையை நடத்துவதே குரல் செய்தியால்தான். ஆகவே, இந்தக் குசினிகள் தொடர்பாக அவரும் அவருடைய ஆட்களும் பரிமாறிய குரல் செய்திகளைத் தர வேண்டும் என்று, அளவோடு, மரியாதையோடு, நல்ல நோர்வேஜிய மொழியில் கேட்டு எழுதினேன்.

இங்கே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நோர்வேஜிய முதலாளியிடம் இப்படிக் கேட்டால் பெருமூச்சு விட்டுவிட்டுக் கோப்புகளைத் தேடுவார். எங்கள் ஆட்களிடம் கேட்டால், 'நீ கள்ளன்' என்று எழுதி அனுப்பியதாக எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் ஆதாரம் கேட்கிறீர்கள். அவர்கள் காதில் மானம்தான் விழுகிறது.

இரண்டு நாள் கழித்து என் அலுவலகக் கதவைத் தள்ளிக்கொண்டு தவம் அண்ணையே வந்து நின்றார். ஒரு கையில் சின்னத் தரவுக் குச்சி, கணினியில் செருகுகிற யூஎஸ்பி. மறு கையில் ஒரு பை.

"இந்தாரும். என்ரை போனிலை இருக்கிற எல்லா வொயிசும் இதுக்கை கிடக்கு. ஒளிக்கிறதுக்கு நான் என்ன களவெடுத்தனானோ?"

"அண்ணை, உங்கடை லோயர் இல்லாமல் நான் உங்களோடை கதைக்கக் கூடாது. சட்டம்."

"கதைக்க வேண்டாம். சாப்பிடும்." பையை மேசையில் வைத்தார். மட்டன் ரோல்ஸ், சூடாக. "வெறுங்கையோடை ஒரு இடத்துக்குப் போய்ப் பழக்கமில்லை."

வழக்காடப் போகும் இடத்துக்கும் வெறுங்கையோடு போகக் கூடாது என்ற பண்பாட்டை எந்தச் சட்டத்தரணிச் சங்க விதியில் அடக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. ரோல்ஸையும் குச்சியையும் அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "உங்கடை லோயர் மூலமா அனுப்புங்கோ" என்று வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். குச்சியைத் திருப்பிக் கொடுப்பது சுலபமாக இருந்தது.

அவருடைய சட்டத்தரணி ஆரணி. உங்களைப் போல இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அப்போது தொழிலுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. "தேவையானதை மட்டும் பொறுக்கித் தாருங்கள்" என்று தவம் அண்ணையிடம் சொல்லியிருக்கிறார். "பொறுக்கியாச்சு பிள்ளை, குசினிக் கதை மட்டும்தான் கிடக்கு" என்று அண்ணை சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி, அதே குச்சியை நீட்டியிருக்கிறார். ஆரணி முதல் சிலதைப் போட்டுப் பார்த்தார். எல்லாம் குசினிக் கதை. காலக்கெடு கழுத்தில் நின்றது. அப்படியே எனக்கு அனுப்பிவிட்டார்.

எந்தக் குரல் யாருடையது, எந்த வீட்டைப் பற்றிப் பேச்சு என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு சனிக்கிழமை காலை சுகிர்தாவைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக இருந்து கேட்கத் தொடங்கினோம். கோப்புகளுக்குப் பெயர் இல்லை, வெறும் இலக்கங்கள். தவம் அண்ணையின் முழு வாழ்க்கையும் அந்தக் கணினிக்குள்ளே ஓடியது. இழுப்பறை மூடுதில்லை என்று ஒரு பொடியன் அழுதான். சூடை மீனுக்கு விலை ஏறிவிட்டதாக ஒருவர் அறிவித்தார். தேர்த் திருவிழாவுக்கு வந்தவர்கள் கார்களை எங்கே நிறுத்தக் கூடாது என்று ஒரு நீண்ட உரை. இடையில் அவருடைய மனைவி வந்து, "பாலுக்குப் போன மனிசன் எங்கை நிக்கிறீங்கள்?" என்றார். சுகிர்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் சில குறிப்புகள் எடுத்தேன். ஒன்று மீன் விலை.

அடுத்த கோப்பை அழுத்தினேன். தவம் அண்ணையின் குரல். ஆனால் அது வழமையான கடைக் குரல் அல்ல, தணிந்த குரல்.

"பிள்ளை ஆரணி, இது உனக்கு மட்டும். கோட்டிலை சொல்லாதை. உந்தச் சுகிர்தான்ரை குசினியள் விசயத்திலை உண்மையா நடந்தது என்னெண்டா..."

நிறுத்தினேன்.

இப்போது இப்படி எழுதும்போது ஏதோ நான் மின்னல் வேகத்தில் நிறுத்தியது போலத் தோன்றுகிறது. அப்படி இல்லை. 'பிள்ளை ஆரணி' என்றதுமே நிறுத்தியிருக்க வேண்டும். என் கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே நின்று இரண்டு வாக்கியம் யோசித்தது. மனிதன் குரங்கிலிருந்து வந்தானென்றால் கட்டைவிரல்தான் கடைசியாக வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

"ஏன் அண்ணை நிப்பாட்டினனீங்கள்?" என்றார் சுகிர்தா.

"அது அவர் தன்ரை லோயரோடை கதைக்கிறது. நாங்கள் கேக்கேலாது."

"அவை தானே அனுப்பினவை?"

"தெரியாமல் அனுப்பிப்போட்டினம்."

"அண்ணை, 'உண்மையா நடந்தது' எண்டு சொல்லுறார். அவற்றை வாயாலை! உதுக்குத் தானே நான் இவ்வளவு நாளும் அலையிறன்?"

"ஓம்."

"அப்ப போடுங்கோ."

"ஏலாது சுகிர்தா."

அவர் எழும்பி மேசையைச் சுற்றி வந்தார். "சரி. நீங்கள் கேக்க வேண்டாம். வெளியாலை போய்க் கோப்பி போடுங்கோ. நான் கேக்கிறன். நீங்கள் ஒண்டும் காணேல்லை."

இது, சொல்லப்போனால், நான் கேட்ட வாதங்களில் மிக நல்ல ஒன்று. என்னைக் கவர்ந்தது அதன் இரண்டாம் பகுதி. அதையும் அவர் விடவில்லை:

"அதோடை எங்கடை பாசையிலை தானே கதைக்கிறார். கோட்டிலை இருக்கிற ஒருத்தருக்கும் விளங்காது. ஆருக்குத் தெரியப் போகுது?"

இதற்காகத்தான் இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்தேன். உங்கள் நோர்வேஜிய நண்பர்கள் ஒருவருக்கும் இந்தச் சோதனை வராது, உங்களுக்கு வரும். நீங்கள் கேட்டதை வேறு யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் விளங்காது என்ற அறையில் நீங்கள் அடிக்கடி இருப்பீர்கள். அந்த அறையில் நீங்கள்தான் நீதிபதி, நீங்கள்தான் பதிவாளர், வாசலில் நிற்கும் காவலரும் நீங்கள்தான். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் வெளியே கோப்பி போடப் போக மனம் வரும்.

எனக்குப் பெரிய தத்துவம் ஒன்றும் அப்போது வாயில் வரவில்லை. கையில் இருந்ததைச் சொன்னேன்.

"போன கிழமை இதே கதிரையிலை இருந்து உங்கடை மனுசனைப் பற்றி எனக்கொரு கதை சொன்னனீங்கள். ஞாபகமோ?"

சுகிர்தாவின் முகம் மாறியது. "அது... உங்களுக்கு எண்டு சொன்னது."

"ஓம். அதைத் தவம் அண்ணை ஒரு சனிக்கிழமை காலைமை கோப்பி குடிச்சுக்கொண்டு கேட்டா எப்பிடி இருக்கும்?"

அவர் மேசையைச் சுற்றித் தன் பக்கம் திரும்பிப் போனார். பிறகு கைப்பையை எடுத்தார். "நீங்கள் சொல்லுறது நியாயம் தான். ஆனா நியாயமா எனக்கு இப்ப தேவை? வேற லோயர் எண்டா கேட்டிருப்பார்." கதவை அறைந்து சாத்தவில்லை, மெதுவாகச் சாத்தினார். அறைந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

உடனே ஆரணிக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். மறுபக்கத்தில் அவர் தன் தொழில் வாழ்க்கை தொடங்கிய இடத்திலேயே முடிகிறதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

"அங்கிள்... எவ்வளவு கேட்டனீங்கள்?"

"'உண்மையா நடந்தது என்னெண்டா' வரைக்கும்."

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு கட்சிக்காரி என்னோடை கோவிச்சுக்கொண்டு போனவ."

அவர் நம்பவில்லை. நம்ப விரும்பினார், அது வேறு. நான் அந்தக் கோப்புகளை முழுவதும் அழித்து, அழித்ததாக எழுதியும் கொடுத்தேன். ஆரணி இரவுபகலாக இருந்து ஒவ்வொன்றாகக் கேட்டு, உரியதை மட்டும் பொறுக்கி மறுபடி அனுப்பினார். அவற்றில் சுகிர்தா வீடுகளுக்கு அளக்கப் போனது இருந்தது. புகைக் கூட்டுக்குச் சாமான் வரவில்லை என்ற சண்டை இருந்தது. ஆனால் யார் விற்றது என்று நேராகச் சொல்லும் ஒரு வரியும் இல்லை. வழக்கு என்னவோ பாதி வெந்த சோறு மாதிரி நின்றது: சாப்பிடவும் முடியாது, கொட்டவும் மனம் வராது.

குரலை நிறுத்திய அந்தச் சனிக்கிழமை இரவே மனைவியிடம் சொல்லியிருந்தேன். பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. ஒரு சட்டத்தரணிக்கு இப்படி நடந்தது என்றேன்.

"தவம் அண்ணை என்ன சொன்னவராம்?" என்றார்.

"நான் பேர் சொல்லேல்லையே!"

"சரி, பேர் தெரியாத அந்த மனிசன் என்ன சொன்னவராம்?"

"நான் கேக்கேல்லை."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திருமணமாகி இத்தனை வருடத்தில் என்னை அவர் முதன்முறையாகச் சந்தேகித்தது ஒரு நல்ல காரியத்துக்காகத்தான்.

சுகிர்தா சில நாள் கழித்துத் திரும்பி வந்தார். மன்னிப்பும் கேட்கவில்லை, கோபமும் காட்டவில்லை. "மற்ற லோயரிட்டைப் போனனான். மணித்தியாலத்துக்கு எவ்வளவு எண்டு சொன்னவர். அதாலை உங்களிட்டையே வந்திட்டன்" என்றார். கொள்கைக்காக என்னை நம்பிய கட்சிக்காரர் எனக்கு வாய்த்ததில்லை. மலிவுக்காக நம்பியவர்கள் பலர்.

நீதிமன்றம் விசாரணைக்கு முன் சமரசம் பேச ஒரு நாள் தந்தது. சமரசத்துக்கு இருந்த நீதிபதி கம்பளிச் சட்டையும் தேநீர்க் குடுவையுமாக வந்த ஒரு நோர்வேஜியப் பெண்மணி. ஒரு பெரிய மேசை. ஒரு பக்கம் நானும் சுகிர்தாவும், எதிரே தவம் அண்ணையும் ஆரணியும். இங்கே பேசுவது இந்த அறையோடு, நாளைக்கு வழக்கில் யாரும் எடுத்துக் காட்ட முடியாது என்று நீதிபதி விளக்கினார். எல்லோரும் தலையாட்டினோம். தவம் அண்ணை ஆட்டவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தமிழில்:

"நீர் கேட்டனீர் தானே?"

"என்னத்தை அண்ணை?"

"தெரியாத மாதிரிக் கதையாதையும். அந்த வொயிசை."

"கேக்கேல்லை."

தவம் அண்ணை வாய்விட்டுச் சிரித்தார். "எங்கடை ஆள் ஒருத்தன், மற்றவன்ரை வொயிஸ் மெசேச் கையிலை கிடைச்சுக் கேக்காமல் விட்டவனோ? எனக்கே காது குத்துறீரோ? நான் எண்டா ரெண்டு தரம் கேட்டிருப்பன். மனுசிக்கும் போட்டுக் காட்டியிருப்பன்."

"தவம் மாமா, இப்ப கதைக்காதேங்கோ," என்றார் ஆரணி.

"சும்மா இரு பிள்ளை. எல்லாம் தெரிஞ்ச ஆளுக்கு முன்னாலை என்னத்தை மூடுறது? ஓம், அவ தான் வித்தவ! நான் இல்லையெண்டு சொல்லேல்லையே. தாளிச்சுப் போட்டு வித்தவ. எல்லாம் அவ தான்." இப்போது அவர் என்னை விட்டுச் சுகிர்தாவைப் பார்த்தார். குரல் உடைந்தது. "ஆனா நீ வேலையை விடேக்கை எனக்கு என்ன செய்தனீ? ஈமெயில் அனுப்பினனீ. நொஸ்கிலை, இந்த ஊர்ப் பாசையிலை! 'ஹை தவம்' எண்டு! உன்ரை வீட்டிலை நான் எத்தினை தரம் சாப்பிட்டனான்? ஒருக்கா வந்து, அண்ணை, நான் போகப் போறன் எண்டு நேரை சொன்னா நான் வேண்டாமெண்டோ சொல்லப் போறன்?"

சுகிர்தா உடனே சொன்னார்: "எழுத்திலை குடுக்க வேணும் எண்டு சட்டம் அண்ணை. நொஸ்கிலை எல்லாருக்கும் 'ஹை' தான். பிரதமருக்கும் 'ஹை' தான்."

"நான் பிரதமரோ?"

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "மன்னியுங்கள், இப்போது என்ன சொன்னார்?" என்று என்னைக் கேட்டார்.

அந்த அறையில் அப்போது ஒரு விசித்திரமான நிலைமை. நான் கேட்காததைக் கேட்டுவிட்டேன் என்று நம்பி, உண்மையை எதிராளி தன் வாயாலேயே சொல்லி முடித்துவிட்டார். நான் மொழிபெயர்த்தால் அது என் வெற்றி. ஆனால் அது ஆரணியின் கட்சிக்காரர் சொன்னது. நான் ஆரணியைப் பார்த்தேன். நீங்கள் சொல்லுங்கள் என்று கண்ணால் சொன்னேன்.

அவர் மழுப்பியிருக்கலாம். 'குடும்பப் பிரச்சினை பேசினார்கள்' என்று சொல்லியிருந்தால் நீதிபதி நம்பியிருப்பார். நானும் மறுத்திருக்கமாட்டேன் என்று அவருக்குத் தெரியாது. ஆரணி தவம் அண்ணையின் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், "மாமா, சொன்னதைச் சொல்லட்டோ?" என்றார். அண்ணை கையை விசிறினார். ஆரணி நிமிர்ந்து நோர்வேஜிய மொழியில் சொன்னார்: "அந்தக் குசினிகளைச் சுகிர்தாதான் விற்றார் என்பதை என் கட்சிக்காரர் ஏற்றுக்கொள்கிறார். அத்துடன், அவருக்கு வந்த பதவி விலகல் மின்னஞ்சலின் முதல் வரி அவரைப் புண்படுத்தியது."

நீதிபதி மின்னஞ்சலைப் புரட்டிப் பார்த்தார். முதல் வரியில் 'ஹை தவம்' என்று மட்டும் இருந்தது. அதையே அவர் நெடுநேரம் வாசித்தார். இந்த நாட்டுச் சட்டம் அவருக்குச் சொல்லித் தராத ஏதோ ஒன்று அதற்குள் இருக்கிறது என்று மட்டும் அவருக்கு விளங்கியது. நல்ல நீதிபதி.

காசுக் கதை அரை மணியில் முடிந்தது. தவம் அண்ணை கொடுக்க ஒப்புக்கொண்டது நாங்கள் பயந்ததைவிட அதிகம், ஆசைப்பட்டதைவிடக் குறைவு. நான் பேனாவை எடுத்தேன். அப்போது சுகிர்தா, "இன்னும் ஒண்டு" என்றார்.

"என்ன?"

"குறூப்பிலை சொன்னது குறூப்பிலை தான் திருத்த வேணும். அண்ணையின்ரை குரலிலை."

தவம் அண்ணையின் முகம் சிவந்தது. "கூடக் காசு வேணுமெண்டாக் கேள்."

"காசு வேண்டாம். எஸ்கலேட்டர் அக்கா கேக்க வேணும்."

எஸ்கலேட்டர் அக்கா யார் என்று தவம் அண்ணைக்குத் தெரியாது. ஆனால் எப்படியோ அவருக்கு விளங்கிவிட்டது. போனை எடுத்தார்.

முதல் முறை கோயில் அறிவித்தல் மாதிரித் தொடங்கி, "அன்பார்ந்த அடியார்களே" என்றதும் தானே நிறுத்தினார். இரண்டாம் முறை தன் கடை எப்படி உருவானது என்று போய்க்கொண்டிருந்தது. ஆரணி மெல்ல இருமினார். மூன்றாம் முறை நடுவில் அவருடைய மனைவி அழைத்து, "எங்கை நிக்கிறீங்கள்?" என்றார். நீதிபதி தேநீர் ஊற்றிக் குடித்துக்கொண்டு, "நன்றாகப் போகிறதா?" என்று ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்டார். போகிறது என்றேன்.

நாலாம் முறை அவர் எங்களைப் பார்க்காமல் யன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"எல்லாருக்கும், தவம் கதைக்கிறன். ரொம்சோஸ் குசினியள், மற்றப் பக்கத்துக் குசினியள் எல்லாம் சுகிர்தா தான் வித்தவ. நான் முந்தி உதிலை சொன்னது பிழை. கோவத்திலை சொன்னது. அவ நல்ல வேலைக்காரி. புகை போகுதில்லையெண்டா அவவைக் கேளுங்கோ." ஒரு மூச்சு விட்டார். "வெள்ளிக்கிழமை மண்டபம் கழுவ ஆக்கள் காணாது. ஏலுமானவை வாங்கோ."

அனுப்பும் முன் விரலைத் தூக்கி நிறுத்தினார். திரையில் ஏதோ தட்டினார். மேசைக்கு இந்தப் பக்கம் சுகிர்தாவின் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தார். 'குசினிக் குடும்பம்' குழுவில் அவர் மறுபடி சேர்க்கப்பட்டிருந்தார். அதற்குப் பிறகுதான் அண்ணை செய்தியை அனுப்பினார், அவருக்கும் போய்ச் சேரும்படி. அதை அவரிடம் யாரும் கேட்கவில்லை. எந்த ஒப்பந்தத்திலும் நான் அதை எழுதியிருக்கமாட்டேன். எனக்குத் தோன்றியே இருக்காது.

சுகிர்தா போனைக் காதில் வைத்துக்கொண்டு இருந்தார். அறையிலேயே சொல்லப்பட்டதைத்தான் மறுபடி கேட்டார், முழுவதும். பிறகு, "அண்ணை, நான் நேரை வந்து சொல்லியிருக்க வேணும்" என்றார். தவம் அண்ணை, "சரி, சரி" என்று சட்டைப் பையைத் தடவினார். அழுதால் துடைக்க ஒன்றும் இருக்கவில்லை. நீதிபதி காகிதத் துண்டை நீட்டினார். இந்த ஒன்றுக்கு அவருக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்தால் மனைவி போனோடு நிற்கிறார். "தவம் அண்ணை குறூப்பிலை போட்டிருக்கிறார். நீங்கள் தானா கேக்கமாட்டீங்கள், அதாலை நான் போடுறன்" என்று சத்தமாகப் போட்டார். நான் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் நின்று, வெள்ளிக்கிழமை மண்டபம் கழுவுவது வரைக்கும் கேட்டேன். இன்னொரு முறை போடச் சொல்லியும் கேட்டேன்.

"இப்பவாவது சொல்லுங்கோ," என்றார் மனைவி. "மற்றதிலை என்ன இருந்தது?"

தெரியாது. 'உண்மையா நடந்தது என்னெண்டா' என்பதற்குப் பிறகு என்ன வந்தது என்று எனக்கு இன்று வரை தெரியாது. அண்ணை அன்று அறையில் சொன்னதுதானா, வேறு ஏதாவதா, அல்லது மீன் விலையா? ஆரணிக்குத் தெரியும், அவர் எனக்குச் சொல்லவில்லை. இப்போது அவர் பெரிய சட்டத்தரணி. எங்காவது கண்டால் சிரித்துக்கொண்டு, "உண்மையாவே கேக்கேல்லையா அங்கிள்?" என்று மட்டும் கேட்பார்.

நீங்களும் அதைத்தான் யோசிக்கிறீர்கள் என்று தெரியும். நம்ப வேண்டாம். நம்பாத ஒருவர்தானே அந்த வழக்கை முடித்துத் தந்தார்.